கட்சியைக் கடந்த பிரதிநிதி

மக்கள் தேர்ந்து அனுப்பிய ஒருவர், சபையினுள் அமர்ந்தபின் யாருக்குக் கடமைப்பட்டவர்? தம்மை அபேட்சகராக நிறுத்திய கட்சிக்கா? வாக்களித்த மக்களுக்கா? அன்றி, தம் மனச்சான்றுக்கா? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நாற்பது ஆண்டுகள் சட்டமன்றப் பணியாற்றிய ஜோர்ஜ் நொறிஸ், தம் வாழ்நாள் முழுவதும் இவ்வினாவை எதிர்நோக்கினார்.

1861ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்து உழவர் குடும்பமொன்றிலே பிறந்தவர் அவர். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தமையனார் உள்நாட்டுப் போரிலே மாண்டார். வறுமைக்கிடையே சட்டம் பயின்று, 1885இல் மேற்கே நெப்பிறாஸ்காவுக்குச் சென்று, வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கினார். 1902இல் குடியரசுக் கட்சியின் சார்பிலே பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார்.

சபாநாயகர் நடுநிலை வகிப்பவர் என்பது பிரித்தானிய மரபு. அமெரிக்காவிலோ அவர் பெரும்பான்மைக் கட்சியின் தலைவருமாவார். அக்காலத்துச் சபாநாயகர் ஜோசப் கனன் குழுக்களின் அங்கத்தவர்களைத் தாமே நியமித்தார். எந்த மசோதா விவாதத்துக்கு வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் குழுவுக்கும் அவரே தலைவர். அவர் விரும்பாத மசோதா சபையை எட்டிப் பார்ப்பதும் அரிதாயிற்று.

நெடுநாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்த தீர்மானமொன்றுடன் 1910 மார்ச் 17ஆம் நாள் நொறிஸ் எழுந்தார். விதிகள் குழுவைச் சபையே தெரிவுசெய்தல் வேண்டும். சபாநாயகர் அதில் இடம்பெறலாகாது என்பதே அத்தீர்மானம். விவாதம் இரவும் பகலுமாக நீண்டது. மார்ச் 19இல் அது 191க்கு 156 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அன்றே கனனைப் பதவியிலிருந்து நீக்கவும் ஒரு பிரேரணை வந்தது. கிளர்ச்சி செய்த குடியரசுக் கட்சியினருட் பெரும்பாலோர் அதனை எதிர்த்தே வாக்களித்தனர். அவர்களது போர் ஒருவர் கையிற் குவிந்த அதிகாரத்தோடேயன்றி, அம்மனிதரோடன்று.

1913இல் நொறிஸ் செனற் சபை புகுந்தார். 1917இல் வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் பூட்டும் மசோதாவை அவரும் வேறு சிலரும் தடுத்தபோது, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தம்மை வைத்திருப்பதா நீக்குவதா என்று மக்களே முடிவு செய்யும் வண்ணம் விசேட தேர்தல் நடத்துமாறு அவர் மாநில ஆளுநரிடம் கேட்டார். அது கிடைக்கவில்லை. எனவே லிங்கன் நகருக்குச் சென்று, மக்கள் முன் நின்று தம் நியாயத்தை எடுத்துரைத்தார். அடுத்த மாதம் போர்ப் பிரகடனம் வந்தபோது 82 பேர் ஆதரித்தனர்; எதிர்த்த அறுவருள் அவரும் ஒருவர். 1918இல் நெப்பிறாஸ்கா மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர்.

அவரது மிகப்பெரிய பணி தெனசி நதியைச் சார்ந்தது. அலபாமா மாநிலத்து மசல் ஷோல்ஸ் என்னுமிடத்தில், வெடிமருந்துக்கு வேண்டிய நைத்திரேற்று உற்பத்திக்காக அரசாங்கம் அணையொன்றைக் கட்டத் தொடங்கியிருந்தது. போர் முடிந்தபின், 1921இல், மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி போர்ட் அதனைத் தமக்குத் தருமாறு கேட்டார். நதியின் ஆற்றல் பொதுமக்களின் சொத்து என்று கூறி நொறிஸ் மறுத்து நின்றார். அவரது மசோதாவை 1928இல் ஜனாதிபதி கூலிட்ஜும் 1931இல் ஜனாதிபதி ஹூவரும் தடுத்தனர். இருவரும் அவர் கட்சியினரே. 1933 மே 18இல் றூஸ்வெல்ட் கையொப்பமிட, தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை பிறந்தது. மண்ணெண்ணெய் விளக்கை நம்பியிருந்த வீடுகளுக்கு மின்சாரம் வரலாயிற்று. நொறிசுக்கு வாக்களித்த மாநிலமோ அந்நதிக்கு நெடுந்தொலைவில் உள்ளது. இதனால் அவர் பெறக்கூடிய வாக்கு ஒன்றுமில்லை. ஆயினும் நன்மைக்கு விலையும் இருந்தது. 1936இல் நிறைவுற்று அவர் பெயர் தாங்கிய அணையின் நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் தம் நிலம் விட்டு அகல நேர்ந்தது.

தேர்தலில் தோற்றவர்கள் மாதக்கணக்காகச் சபையில் அமர்ந்து சட்டமியற்றும் வழக்கத்தை, 1933இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் ஒழித்தது. அதற்காகப் பத்தாண்டு பாடுபட்டவரும் அவரே. அவரது முயற்சியால் நெப்பிறாஸ்கா 133 அங்கத்தவரைக் கொண்ட ஈரவைகளைக் கைவிட்டது. 1937இல் 43 பேர் கொண்ட, கட்சிப் பெயரின்றித் தெரிவாகும் ஓரவை அங்கே கூடியது.

1936இல் கட்சியை விட்டுச் சுயேச்சையாக வென்ற நொறிஸ், 1942இல் தோற்றார். மக்களின் தீர்ப்பை எப்போதும் நாடி நின்றவர், அத்தீர்ப்பினாலேயே வீடு திரும்பினார். 1944 செப்டெம்பர் 2ஆம் நாள் மக்குக் என்னும் தம் சிற்றூரிலே காலமானார். அவர் மாற்றிய விதிகளும் அமைத்த சபைகளும் அவருக்குப் பின்னும் நிலைத்து நின்றன.