தன்பாலின இணையர் உரிமை: 377-வது பிரிவு முதல் குடும்ப அட்டை வரை – ஒரு பார்வை

புதுடெல்லி: தன்பாலின உறவைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2018-ம் ஆண்டு செல்லாததாக்கப்பட்டது. அத்தகைய இணையரின் திருமணத்தை அங்கீகரிக்க 2023-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட நிலையிலேயே தன்பாலின இணையரின் சட்டத் தகுதி இன்று உள்ளது. சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் சட்டப்படி உறவினரும் அல்லர். இந்த நிலைக்கு நாடு வந்து சேர்ந்த விதம் குறித்து விளக்கும் தொகுப்பு இது.

377-வது பிரிவு

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-ம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்தது. பரஸ்பர சம்மதம் இருந்தாலும் விலக்கு இல்லை.

இதனை எதிர்த்து நாஸ் அறக்கட்டளை 2001-ம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. வயது வந்தோர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்குவது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2009-ம் ஆண்டு ஜூலை 2-ம் தேதி தலைமை நீதிபதி ஏ.பி.ஷா, நீதிபதி எஸ்.முரளிதர் அமர்வு தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு நான்கு ஆண்டுகளே நீடித்தது. 2013-ம் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதனை ரத்து செய்தது. சுமார் 150 ஆண்டுகளில் 200-க்கும் குறைவானோர் மீதே இப்பிரிவின் கீழ் வழக்கு தொடரப்பட்டதைச் சுட்டிக்காட்டிய அமர்வு, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி என்று கூறியது.

திருப்பம் தந்த தீர்ப்புகள்

திருநங்கையர், திருநம்பியருக்குத் தங்கள் பாலினத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2017-ம் ஆண்டு ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றும், பாலியல் நாட்டம் அதன் இன்றியமையாத கூறு என்றும் தீர்ப்பளித்தது. இதனால் 2013-ம் ஆண்டுத் தீர்ப்பின் அடித்தளம் தளர்ந்தது.

இறுதியாக 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு, வயது வந்தோரின் சம்மத உறவை 377-வது பிரிவிலிருந்து ஒருமனதாக விலக்கியது. இச்சமூகத்தினரிடம் வரலாறு மன்னிப்புக் கோரக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா தமது தீர்ப்பில் குறிப்பிட்டார். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-வது பிரிவுக்கு இணையான பிரிவு இடம்பெறவில்லை.

திருமண வழக்கு

1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. இச்சட்டத்தைப் பாலின வேறுபாடின்றிப் பொருள்கொள்ளக் கோரி 2022-ம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. திருமணம் என்பது ஆண், பெண் இடையிலான உறவே என்றும், இதில் முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றமே என்றும் மத்திய அரசு வாதிட்டது.

பத்து நாள் விசாரணைக்குப் பின், 2023-ம் ஆண்டு அக்டோபர் 17-ம் தேதி தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் வழங்கிய அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். தன்பாலின இணையரின் சேர்ந்து வாழும் உறவுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்க வேண்டும், அவர்கள் இணைந்து குழந்தையைத் தத்தெடுக்க அனுமதிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதியும் நீதிபதி எஸ்.கே.கவுலும் கூறினர். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ்.நரசிம்மா ஆகியோர் இதை ஏற்கவில்லை. எனவே 3-2 என்ற பெரும்பான்மையில் அக்கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. ஆண், பெண் உறவில் உள்ள திருநர்கள் நடப்புச் சட்டங்களின் கீழ் மணமுடிக்கலாம் என்பதை மட்டும் அமர்வு உறுதி செய்தது. மறுஆய்வு மனுக்கள் 2025-ம் ஆண்டு ஜனவரி 9-ம் தேதி தள்ளுபடியாயின.

நடைமுறையில் என்ன பாதிப்பு?

ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவரது சொத்து பிறந்த குடும்பத்தினருக்கே செல்லும். பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த இணையருக்கு அதில் பங்கில்லை. குடும்ப ஓய்வூதியமும் கிடைக்காது. உறுப்பு தானச் சட்டத்தில் 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் கணவன், மனைவி உண்டு. தன்பாலின இணையர் இல்லை. எனவே ஒருவர் தம் இணையருக்குச் சிறுநீரகம் தர விரும்பினால், அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் தேவை. இணையர் தரும் பரிசுக்கு வருமான வரி விலக்கும் இல்லை. இதனை எதிர்க்கும் மனு மீது மும்பை உயர் நீதிமன்றம் 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் நோட்டீஸ் பிறப்பித்தது.

இத்தகைய சிக்கல்களை ஆராய, 2023-ம் ஆண்டுத் தீர்ப்பின்படி மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் 2024-ம் ஆண்டு ஏப்ரலில் குழு அமைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு சில அறிவுறுத்தல்களை வெளியிட்டது. குடும்ப அட்டையில் தன்பாலின இணையரை ஒரே குடும்பத்தினராகக் கருதலாம்; அவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவரையொருவர் வாரிசுதாரராக நியமிக்கவும் தடையில்லை; நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் இணையரின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்பன அவை. இவை நிர்வாக அறிவுறுத்தல்களே; நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கு

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில், 2021-ம் ஆண்டு ஜூன் 7-ம் தேதி நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு பிறப்பித்தார். இவ்விஷயத்தில் தமக்குப் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகக் கூறிய அவர், உளவியல் நிபுணரிடம் ஆலோசனை பெற்ற பின்னரே உத்தரவை வழங்கினார். பாலியல் நாட்டத்தை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. இதன் தொடர்ச்சியாக 2022-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. இச்சமூகத்தினரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் வகையில், தமிழகக் காவல்துறை நடத்தை விதிகளும் அதே ஆண்டு திருத்தப்பட்டன.

2023-ம் ஆண்டு நவம்பரில், இணையர் தமக்குள் குடும்ப இணைப்பு ஒப்பந்தம் செய்து அதனைப் பதிவு செய்யும் யோசனையைப் பரிசீலிக்குமாறு தமிழக அரசை அதே நீதிபதி கேட்டுக்கொண்டார். பெற்றோர் தம் இணையரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனு மீது, 2025-ம் ஆண்டு மே 22-ம் தேதி நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு உத்தரவிட்டது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று கூறிய அமர்வு, அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்ணை அவரது விருப்பப்படி செல்ல அனுமதித்தது. இணையருக்குக் காவல்துறை பாதுகாப்பு வழங்கவும் உத்தரவிட்டது.

அண்டை நாடுகளில்

தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய முதல் நாடு நெதர்லாந்து (2001). ஆசியாவில் தைவான் 2019-ம் ஆண்டு மே மாதமும், தாய்லாந்து 2025-ம் ஆண்டு ஜனவரியிலும் சட்டத்தை நடைமுறைப்படுத்தின. நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து 2023-ம் ஆண்டு நவம்பரில் முதல் திருமணம் பதிவானது.

இந்தியாவைப் பொறுத்தவரை, திருமண உரிமை தொடர்பான முடிவு நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. அதுவரை உயில், நியமனப் பத்திரம், கூட்டுக் கணக்கு, குடும்ப அட்டை ஆகியவையே இவ்விணையர் தங்கள் உறவை ஆவணப்படுத்த எஞ்சியுள்ள வழிகள்.