கணு

கம்பியில்லா உணரி வலையமைப்பில் வெப்பம், ஈரம் போன்றவற்றை அளந்து அனுப்பும் ஒவ்வொரு சிறு கருவியும் ஆங்கில வழக்கில் ‘நோட்’. இச்சொல்லின் வேர் இலத்தீனின் ‘நோடஸ்’, அதாவது முடிச்சு. தமிழில் இதை முனையம் என்று எழுதுவது பரவியிருக்கிறது, அது பிழை. முனை என்பது நுனி, ஒன்று முடியும் இடம். இந்தக் கருவியோ தனக்கு வரும் செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்தவும் செய்கிறது. இதற்குப் பொருந்தும் சொல் கணு. கரும்பிலும் மூங்கிலிலும் தண்டு கணுவோடு முடிவதில்லை, அங்கிருந்து மேலே தொடர்கிறது. கரும்பின் பருவும் வேரும் கிளம்புவது அங்கேதான். காலும் பாதமும் சேரும் மூட்டு கணுக்கால். ‘கண்’ என்ற சொல்லுக்கே மூங்கிற்கணு என்ற பழம்பொருள் உண்டு. பிற கணுக்களின் இடத்தைக் கண்டறிய உதவும், இருப்பிடம் முன்பே தெரிந்த கருவியை நங்கூரக் கணு எனலாம். நங்கூரம், பாரசீக ‘லங்கர்’ தமிழில் ஊன்றிய வடிவம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் வந்துசேரும் சமிக்ஞையின் வலிமை நான்கில் ஒன்றாகிறது, அதாவது சுமார் 6 டெசிபெல் குறைகிறது. இந்தக் குறைவிலிருந்து மூன்று நங்கூரக் கணுக்களுக்கான தொலைவைக் கணித்து வட்டங்கள் வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே இருப்பிடம் தெரியாத கணுவின் இடம். சுவரோ மரமோ குறுக்கிட்டால் வட்டங்கள் ஒரு புள்ளியில் கூடுவதில்லை. கிடைப்பது மதிப்பீடு மட்டுமே. முனையம் டெர்மினலுக்கு இருக்கட்டும். நோடுக்குக் கணுவே தகும்.