கோடி என்னும் சொல்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், இளங்காலைப் பொழுதில் பட்டுப் பாவைத் தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி உலர்த்துவது நெசவாளரின் நெடுநாள் வழக்கம். கஞ்சி ஏறிய இழையே தறியின் அசைவுக்கு ஈடு கொடுத்து அறாமல் நிற்கும். அவ்விழையால் நெய்து, தறியினின்று அறுத்தெடுத்த துணிக்கு ஒரு மொடமொடப்பு உண்டு. பட்டாயினும் பருத்தியாயினும், நீர் படாத, சலவை காணாத இத்தகைய துணிக்குத் தமிழ் இட்ட பெயர் 'கோடி'.

கோடி என்றவுடன் நூறு இலட்சம் என்னும் எண்ணோ, தெருக்கோடி என்பதிலுள்ள முனையோ நம் நினைவுக்கு வரும். அவ்விரு பொருளும் வடமொழிச் சொல்லினின்று வந்தவை. துணியைக் குறிக்கும் கோடியோ புதுமை என்னும் பொருளுடையது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பழஞ்சொல். கடையில் வாங்கியதை எல்லாம் புத்தாடை எனலாம். ஆனால் முதல் நீர் காணும்வரைதான் அது கோடி.

இந்த நுட்பத்தை விவிலியத்தைத் தமிழாக்கிய முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பழைய துணியில் புதுத்துணியை ஒட்டுப்போடுவார் இல்லை என்று இயேசு கூறுமிடத்தில் (மத்தேயு 9:16, மாற்கு 2:21), சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'கோடித்துண்டு' என்கிறது. கிரேக்க மூலத்திலுள்ள சொல்லும் வண்ணார் கைபடாத துணியையே சுட்டுகிறது. சலவை காணாத துண்டு முதல் நனைப்பில் சுருங்கும். சுருங்கும்போது பழந்துணியைக் கிழிக்கும். உவமையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 'புதிய துணி' என்பதைவிடக் 'கோடி' என்னும் ஒரு சொல் அதனைக் கூர்மையாக உணர்த்துகிறது.

இத்துணை அழகிய சொல் இன்று தமிழ் இல்லங்களில் தயங்கித் தயங்கியே உச்சரிக்கப்படுகிறது. காரணம், அது சாவு வீட்டின் சொல்லாகிவிட்டது. இறந்தவர் உடல்மீது உறவினர் கோடி போர்த்துகின்றனர். கணவனை இழந்த பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டு வருகின்றனர். மங்கல நாளில் உடுத்தும் புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவுவதும் இந்த அச்சத்தின் மறுபக்கமே எனலாம்.

மலைகளுக்கு அப்பால், கேரளத்தில் இதே சொல் மகிழ்ச்சியின் சொல்லாக வாழ்கிறது. ஓண நாளில் வழங்கும் புத்தாடை 'ஓணக்கோடி'. தோமா கிறிஸ்தவர் திருமணத்தில் மணமகன் மணமகளுக்கு அளிக்கும் சேலை 'மந்திரகோடி'. குருவானவர் ஆசியளித்த பின்னரே அது மணமகளுக்கு அணிவிக்கப்படுகிறது. அதிலிருந்து ஏழு நூல்களை எடுத்துத் திரித்து, சிலுவை பொறித்த 'மின்னு' என்னும் தாலியைக் கோப்பதும் அவர்தம் மரபு. காஞ்சிப் பட்டையே மந்திரகோடியாகத் தேர்ந்து வாங்குவோரும் உண்டு. தறிக்குச் சாவும் தெரியாது, மணமும் தெரியாது. மங்கலமும் அமங்கலமும் மனிதர் ஏற்றியவையே.

திருச்சபையின் வழிபாட்டில் இவ்விரு முனைகளும் ஒன்று சேர்கின்றன. திருமுழுக்குப் பெறும் குழந்தைக்கு வெண்ணாடை அணிவிக்கிறோம். கிறிஸ்துவை அணிந்துகொண்டதன் அடையாளம் அது. அடக்கச் சடங்கில் பெட்டியின்மேல் வெண்துணி போர்த்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அத்திருமுழுக்கு ஆடையின் நினைவே அது. அரிமத்தியா ஊர் யோசேப்பு இயேசுவின் உடலைச் சுற்றுவதற்கென மெல்லிய துணி வாங்கி வந்தார் என்கிறார் மாற்கு (15:46). நம் வழக்கில் சொன்னால் அது கோடி. உயிர்ப்பின் விடியலில் பேதுரு கல்லறைக்குள் கண்டதும் அத்துணிகளையே. சாவின் கோடி அங்கே உயிர்ப்பின் முதற் சான்றாயிற்று.

இதனை அறிக்கையிடும் நாம், நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் கைம்பெண்ணுக்குத் தரும் கோடியை என்னவாக்கி வைத்திருக்கிறோம்? உனக்குப் பிறந்த வீடு உண்டு, நாங்கள் இருக்கிறோம் என்று உடன்பிறந்தார் சொல்லாமல் சொல்லும் ஆறுதலாகவும் அந்தச் சேலையைக் கொள்ளலாம். ஆனால் பல வீடுகளில் அதைக் கையளிக்கும் வேளையிலேயே பூவும் பொட்டும் களையப்படுகின்றன. நாளை அவள் பெற்ற மகளின் திருமணத்திலேயே, ஆலயத்தின் பின்வரிசைக்கு அவள் ஒதுங்க வேண்டியிருக்கிறது. நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு மனமிரங்கி, பாடையைத் தொட்டு நிறுத்திய ஆண்டவர் இதை ஏற்பாரா?

கோடி கொண்டு செல்வோர் அதை அவள் தோளில் போர்த்தட்டும். பூவையும் பொட்டையும் அவள் விருப்பத்திற்கே விட்டுவிடட்டும். அடுத்த திருமணத்தில் அவளை முன்வரிசைக்கு அழைத்து, மணமக்களுக்கு அவள் கையால் சிலுவை அடையாளம் இடச் செய்யட்டும். புதுமை என்னும் தன் பழம்பொருளை அச்சொல் அப்போது மீண்டும் பெறும்.