வளர்ப்பு நாய்களில் மிகைக் குரைப்பு

வளர்ப்பு நாய்களில் மிகைக் குரைப்பு என்பது, தூண்டிய காரணம் நீங்கிய பின்னும் நாய் நெடுநேரம் குரைத்துக்கொண்டிருப்பதையோ, சிறு தூண்டலுக்கும் அடிக்கடி குரைப்பதையோ குறிக்கும். இது ஒரு நோயின் பெயர் அன்று. அச்சம், தனிமை, சலிப்பு, வலி, கற்றுக்கொண்ட பழக்கம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வெளிப்படும் அறிகுறியாகும். எனவே குரைப்பை அடக்க முயல்வதைவிட, அதன் காரணத்தைக் கண்டறிந்து மாற்றுவதே நிலைத்த பயன் தரும்.

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் முதலியவற்றில் தனி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தகைய நெருக்கமான தெருக்களில் ஒரு நாயின் இரவுக் குரைப்பு பல வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கக்கூடும். அண்டை வீட்டாருடன் பிணக்கு, நாயைக் கைவிடுதல், நாய்க்கு நஞ்சிடுதல் வரை இச்சிக்கல் செல்வதுண்டு.

குரைப்பின் இயல்பு

நாயின் மூதாதையான ஓநாய் மிக அரிதாகவே, பெரும்பாலும் எச்சரிக்கைக்காகவே, குரைக்கும். நாயோ மனிதருடன் வாழத் தொடங்கிய பின் வரவேற்பு, விளையாட்டு, கெஞ்சல், தனிமை, காவல் எனப் பல சூழல்களிலும் குரைக்கிறது.

இக்குரைப்புகள் ஒரே தன்மை கொண்டவை அல்ல. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோபியா இன் 2002 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அயலார் வருகையின்போது எழும் குரைப்பு தாழ்ந்த சுருதியும் கரகரப்பும் உடையது. தனிமையிலும் விளையாட்டிலும் எழுவது உயர்ந்த சுருதி உடையது. அங்கேரி நாட்டின் புடாபெசுட்டு நகர ஆய்வாளர்கள் 2005 இல், பதிவு செய்த குரைப்பொலிகளை மட்டும் கேட்டே மனிதர்களால் சூழலை ஓரளவு இனங்காண முடிகிறது என்று காட்டினர். நாய் வளர்த்த பழக்கம் இல்லாதவர்களுக்கும் இது இயன்றது.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்னும் பழமொழியை நம்பி நடப்பது பாதுகாப்பானது அன்று. அச்சத்தால் குரைக்கும் நாய், விலகிச் செல்ல வழியில்லாதபோது கடிக்கக்கூடும்.

காரணங்கள்

எல்லைக் காவல்: கம்பிக் கதவுக்குப் பின் நிற்கும் நாய், தெருவில் செல்லும் ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைக்கிறது. செய்தித்தாள் போடுபவரும் பொருள் கொண்டு வருபவரும் தம் வேலை முடிந்து தாமாகவே அடுத்த வீட்டுக்குச் செல்கின்றனர். நாயோ, தன் குரைப்பே அவர்களை விரட்டியது என்று கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் பலமுறை இது நிகழ்வதால் பழக்கம் வலுப்பெறுகிறது.

பிற நாய்களின் தூண்டல்: தெருமுனையில் ஒரு நாய் குரைத்தால் மற்றவையும் சேர்ந்து குரைக்கும். தெருநாய்கள் மிகுந்த பகுதிகளில் நள்ளிரவுக் குரைப்புக்கு இது முதன்மையான காரணமாகும்.

தனிமை: வீட்டார் அனைவரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின் தனித்து விடப்படும் நாய் குரைக்கலாம், ஊளையிடலாம், கதவைப் பிறாண்டலாம். பெரும்பாலும் உரிமையாளர் வெளியேறிய முதல் அரைமணி நேரத்திற்குள்ளேயே இது தொடங்கிவிடும். உரிமையாளர் இதைக் கேட்பதில்லை. அண்டை வீட்டாரே கேட்கின்றனர். "எங்கள் நாய் குரைப்பதே இல்லை" என்று ஒருவர் உண்மையாகவே நம்பிச் சொல்வதற்கு இது காரணமாகலாம்.

சலிப்பு: பகல் முழுவதும் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு ஓடவும் மோப்பம் பிடிக்கவும் வாய்ப்பில்லை. குரைப்பு ஒன்றே அதற்கு எஞ்சியிருக்கும் செயலாகிறது.

ஓசை அச்சம்: தீபாவளி வெடிகள், இடி, கட்டட வேலையின் ஓசை ஆகியவை நாயை அச்சுறுத்தும். மனிதரின் கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஏர்ட்சு. நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஏர்ட்சு.

உடல்நலக் குறைவு: காது அழற்சி, மூட்டு வலி, உண்ணித் தொல்லை, பார்வை அல்லது செவிக் குறைவு ஆகியவை குரைப்பை மிகுவிக்கலாம். முதிய நாய்களில் மூளைத் திறன் குறைவதால் காரணமின்றி இரவில் குரைக்கும் நிலை ஏற்படுவதுண்டு. குரல் திடீரென மாறி, எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, வழக்கத்திற்கு மாறான சினம் ஆகியவையும் சேர்ந்து காணப்பட்டால் அது வெறிநாய்க்கடி நோயாக இருக்கக்கூடும். அந்நாயின் வாயில் கை வைக்காமல், உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

காரணத்தைக் கண்டறிதல்

ஒரு வார காலம் ஒவ்வொரு குரைப்புக்கும் நான்கு செய்திகளைக் குறித்து வைப்பது எளிய முறையாகும்: நேரம், நாய் இருந்த இடம், குரைப்பதற்குச் சற்று முன் நிகழ்ந்தது, குரைத்தபின் நாய்க்குக் கிடைத்தது. நான்காவது செய்தியே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. "சும்மா இரு" என்று அதட்டுவதும் நாய்க்குக் கவனிப்பே. உரிமையாளரும் சேர்ந்து குரைப்பதாகவே அது கொள்ளக்கூடும். வீட்டில் ஆளில்லாத நேரத்தை அறிய, பழைய செல்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி வைத்துச் செல்லலாம்.

மேலாண்மை

* தூண்டலை மறைத்தல்: கம்பிக் கதவின் கீழ்ப்பகுதியைத் தகடு கொண்டு மறைத்தாலோ, இரவில் நாயை வீட்டினுள் படுக்க வைத்தாலோ, எல்லைக் குரைப்பு விரைவில் குறைவதுண்டு.
* உடற்பயிற்சி: நாள்தோறும் இருமுறை நடை தேவை. சித்திரை, வைகாசி மாதங்களில் தார்ச்சாலை பாதங்களைச் சுடும் என்பதால், விடியற்காலையிலும் இரவிலும் அழைத்துச் செல்லுதல் நன்று. மோப்பம் பிடிக்க நேரம் விடுதல் நடையின் பயனை மிகுவிக்கும்.
* மனத்திற்கு வேலை: உணவின் ஒரு பகுதியைப் பழைய துண்டில் சுருட்டி வைத்துத் தேட விடலாம்.
* அமைதிக்குப் பரிசு: குரைப்பு நின்ற நொடியில் அமைதியான குரலில் ஒரு சொல்லைச் சொல்லித் தின்பண்டம் தரவேண்டும். முதலில் இரு நொடி அமைதிக்கும், பின்னர் ஐந்து, பத்து நொடி அமைதிக்கும் எனக் காலத்தைப் படிப்படியாக நீட்டலாம்.
* ஓசைக்குப் பழக்குதல்: அழைப்பு மணியின் பதிவை மிகக் குறைந்த ஒலியில் ஒலிக்கவிட்டு உணவளித்து, நாய் அமைதியாக இருக்கும் அளவிலேயே நாளடைவில் ஒலியை உயர்த்த வேண்டும்.
* தனிமைக்குப் பழக்குதல்: சில நொடிகள் வெளியே சென்று திரும்புவதில் தொடங்கி, நாய் கலங்காத அளவுக்கே நேரத்தைக் கூட்ட வேண்டும். கடுமையான நிலையில் மருத்துவரின் அறிவுரைப்படி மருந்தும் தேவைப்படலாம்.

கவனம் கோரும் குரைப்பைப் பொருட்படுத்தாமல் விடும்போது, அது குறைவதற்கு முன் சில நாட்கள் கூடும். அந்நாட்களில் பொறுமையிழந்து இணங்கினால், இன்னும் உரக்கக் குரைத்தால் பலன் உண்டு என்று நாய் கற்றுவிடும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பதும், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே தெரிவித்து வைப்பதும் இக்காலத்தைக் கடக்க உதவும். அச்சத்தாலும் வலியாலும் குரைக்கும் நாயை இவ்வாறு பொருட்படுத்தாமல் விடுதல் பொருந்தாது.

தீபாவளியின்போது தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடி வெடிக்க நேரம் வரையறுக்கப்பட்டு வந்துள்ளது. நடைமுறையில் மற்ற நேரங்களிலும் வெடியோசை கேட்பதால், நாயை முன்னதாகவே வெளியே அழைத்துச் சென்று வந்து, சன்னல்களை மூடிய உள்ளறையில் துணையுடன் இருக்க விடுதல் நலம்.

தவிர்க்க வேண்டியவை

அடித்தல் அச்சத்தை மிகுவிக்கும். அச்சமே காரணமாயின் குரைப்பும் மிகும். மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைகள் வேல்சு நாட்டில் 2010 இல் தடை செய்யப்பட்டன. வாயை இறுக்கிக் கட்டும் வாய்ப்பூட்டு, நாய் மூச்சிரைத்து உடல் வெப்பத்தைத் தணிப்பதைத் தடுக்கும். சென்னை வெயிலில் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். குரல்வளை மடிப்புகளை அகற்றும் அறுவை ஒலியைக் குறைக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது. மருத்துவக் காரணங்களுக்கன்றி இதைச் செய்வதை 1987 ஆம் ஆண்டின் வளர்ப்பு விலங்குகள் பாதுகாப்புக்கான ஐரோப்பிய உடன்படிக்கை தடை செய்கிறது.

சட்டம்

ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இன்படி, குடியிருப்புப் பகுதிகளில் ஒலியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் ஆகும். இவ்விதிகள் நாய்களுக்கென்று தனியே இயற்றப்பட்டவை அல்ல.

இந்திய விலங்குகள் நல வாரியம் 1962 இல் உருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அமைக்கப்பட்டு, 2018 இல் அரியானாவுக்கு மாற்றப்படும் வரை சென்னையில் இயங்கியது. குரைத்தல் நாயின் இயல்பான வெளிப்பாடு என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும், நெடுநேரக் குரைப்பு பிறருக்கு இடையூறு என்பதால் உரிமையாளர்கள், குறிப்பாக இரவில், நாயை அமைதியாக வைத்திருக்க முயல வேண்டும் என்றும் இவ்வாரியத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதையே தடை செய்ய இயலாது என்றும் அது குறிப்பிடுகிறது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 இன் 11 ஆம் பிரிவின்படி, நாயை மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதும் குற்றமாகும். மிகைக் குரைப்பின் பொதுவான காரணங்களுள் ஒன்று இவ்வாறு சட்டப்படியும் தவறாகிறது. விலங்கை நஞ்சிட்டுக் கொல்வதும் ஊனமாக்குவதும், 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 325 ஆம் பிரிவின்படி, ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

தென்சென்னைப் புறநகர் முழுவதும் ஒரே உள்ளாட்சியின் கீழ் இல்லை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு 2021 இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. வேளச்சேரி, மடிப்பாக்கம், சோழிங்கநல்லூர் முதலியவை பெருநகர சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆகவே உரிமம் பெறவோ முறையிடவோ முற்படுவோர், தம் தெரு எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* நாய்
* வெறிநாய்க்கடி
* ஒலி மாசு
* இராசபாளையம் நாய்
* தாம்பரம்