ரசிகர் சேனை – 9: இருபது டன் கடலை

சென்ற வாரம், ‘ஜெரிக்கோ’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஜேக் கிரீன் பதில் சொல்ல வாய் திறந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அமெரிக்காவின் 23 நகரங்கள் அணுகுண்டுக்கு இரையாகிவிட்டன. கான்சாஸ் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற கற்பனைச் சிற்றூர் தன்னந்தனியாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மீது பக்கத்து ஊரான நியூ பெர்ன் படை திரட்டி வந்துவிட்டது. சரணடைந்துவிடு என்கிறார்கள். ஜேக் ஒரே ஒரு சொல் சொன்னான்.

“நட்ஸ்!”

கடலை, முந்திரி, பாதாம் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் அது. அமெரிக்கக் கொச்சையில், ‘போடா, முடியாது’ என்று முகத்தில் அடித்தாற்போல மறுப்பதற்கும் அதுவே. இரண்டாம் உலகப் போரில், பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் ஜெர்மானிய முற்றுகைக்குள் சிக்கியிருந்தார் அமெரிக்கத் தளபதி ஆன்டனி மெக்காலிஃப். சரணடையச் சொல்லி வந்த ஓலைக்கு 1944 டிசம்பர் 22 அன்று அவர் அனுப்பிய பதில் அந்த ஒற்றைச் சொல்தான். ஜேக் அதைத்தான் திரும்பச் சொன்னான். சண்டை மூளும் நொடியில் திரை இருண்டது. அன்று 2007 மே 9.

ஒரு வாரம் போயிருக்கும். ‘ஜெரிக்கோ’ இனி வராது என்று அறிவித்துவிட்டது சிபிஎஸ் தொலைக்காட்சி.

காரணம், பார்ப்பவர் எண்ணிக்கை. முந்தைய ஆண்டு நவம்பர் கடைசியில் பாதிக் கதையில் தொடரை நிறுத்தி, மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில் எதிர் அலைவரிசையில் ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டி ஊரையே கட்டிப்போட்டிருந்தது. போதாக்குறைக்கு, ஜெரிக்கோவின் ரசிகர்களில் பலர் அதைப் பதிவுசெய்து வைத்து மறுநாள் பார்த்தார்கள், கணினியில் பார்த்தார்கள். நீல்சன் நிறுவனமோ, தான் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளில் கருவி பொருத்தி, அதிலிருந்து நாட்டுக்கே அப்போது கணக்குச் சொன்னது. கருவி இல்லாத வீட்டில் ஒருவர் நகத்தைக் கடித்துக்கொண்டு 22 வாரம் பார்த்தாலும் அந்தக் கணக்கில் அவர் இல்லை. ரசிகர்களின் ஆத்திரம் இதில்தான் மூண்டது என்று நினைக்கிறேன். தொடர் போனது ஒரு வலி. நீ பார்க்கவே இல்லை என்று சொல்லப்பட்டது அதைவிடப் பெரிய வலி.

இணையத்தில் வானொலி நிகழ்ச்சி நடத்திய ரசிகர் ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்: ஜேக் சொன்ன பதிலையே சிபிஎஸ்ஸுக்கு அனுப்புவோம். சொல்லாக அல்ல, கடலையாக!

நியூ ஜெர்சியில் 1929 முதல் கடலை வியாபாரம் செய்துவந்த ஒரு குடும்பம், அப்போது ‘நட்ஸ்ஆன்லைன்’ என்ற பெயரில் இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரே விலாசத்துக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன: நியூயார்க், மேற்கு 52-ஆம் தெரு, 51-ஆம் எண். சிபிஎஸ் தலைமையகம். கடைக்காரர்களுக்கு விஷயம் புரிந்ததும் இதற்கென்றே தனிப் பக்கம் திறந்தார்கள். ஐந்து டாலர், பத்து டாலர் என்று யார் எவ்வளவு போட்டாலும் சேர்த்து மூட்டையாக்கி அனுப்பினார்கள். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாதவர்கள் ‘ஜெரிக்கோ ரேஞ்சர்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, இன்று எத்தனை பவுண்டு போனது என்று கணக்குப் பார்த்தபடி இருந்தார்கள். கருவியில் பதியாதவர்கள் தராசில் பதிந்தார்கள். மொத்தம் 20 டன்னுக்கும் மேல்!

இதற்கு நடுவில் அவர்கள் செய்த இன்னொன்றை நான் சொல்லாமல் விட முடியாது. அந்த மே 4 இரவுதான் கான்சாஸில் கிரீன்ஸ்பர்க் என்ற நிஜமான சிற்றூரைச் சூறாவளி ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்துப் போட்டிருந்தது. கற்பனை ஊருக்காகக் கடலை அனுப்பிய கைகளே அந்த ஊருக்காகவும் பணம் திரட்டின.

ஜூன் 6. சிபிஎஸ்ஸின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் நீனா டாஸ்லர் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு கடிதம் வெளியிட்டார். ஜெரிக்கோ திரும்பி வருகிறது, ஏழு அத்தியாயங்கள் எடுக்கப்போகிறோம் என்றார். கடலை அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

கொண்டாட்டத்தில் பலர் அந்தக் கடிதத்தின் இன்னொரு வரியை வேகமாகக் கடந்துபோயிருப்பார்கள். ஜெரிக்கோ தொடர வேண்டுமென்றால் பார்ப்பவர் கூட வேண்டும். ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்றும் அவர் பத்திரிகையிடம் சொன்னார். அதாவது, பழைய கருவி இருந்த இடத்தில்தான் இருந்தது.

படப்பிடிப்புக் குழுவுக்கு அது தெரியும். ஆகவே ஏழாவது அத்தியாயத்துக்கு அவர்கள் இரண்டு முடிவுகளைப் படமாக்கினார்கள். ஒன்றில் கதை முற்றுப்பெறும். இன்னொன்றில் கதை மறுபடியும் ஆபத்தின் விளிம்பில் நிற்கும்.

2008 பிப்ரவரி 12 அன்று ஒளிபரப்பு தொடங்க இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, முதல் மூன்று அத்தியாயங்கள் இணையத்தில் திருட்டுத்தனமாகக் கசிந்தன. ரசிகன் கைக்கெட்டும் தூரத்தில் ஜெரிக்கோ. இப்போதே பார்த்தால், நேரத்துக்குப் பார்க்கச் சொன்ன நிபந்தனை என்னாவது?

(தொடரும்)