கடலில் கண்ட அதிசயமும் கரையில் கண்ட அதிசயமும்



நம் குரும்பகரத்து வயல்வெளியில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் கடல் கடந்த நாட்டில் உறவினர் இல்லாத வீடு நம்மிடையே அரிது. ஒருவர் பிரான்சில் இருக்கிறார். ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். மற்றொருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இன்று அவர்கள் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கடலையே பார்த்துக்கொண்டு பயணம் செய்த காலம் ஒன்று இருந்தது. நமக்கு அருகிலுள்ள தரங்கம்பாடிக்கு அப்படி வந்து சேர்ந்த ஒருவரின் பயணத்தை இந்த வாரம் தியானிப்போம்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள், பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்ஷோவும், 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் கப்பலேறினார்கள். கப்பலின் பெயர் சோபியா ஹெட்விக். அவர்கள் தரங்கம்பாடியை அடைந்தது 1706 ஜூலை 9 அன்று. இடையில் ஏழு மாதங்களுக்கும் மேல் கடந்திருந்தன.

சங்கீதம் 107, கடலில் தொழில் செய்வோர் நடுக்கடலில் தேவனுடைய செயல்களைக் கண்ட சாட்சியைக் கூறுகிறது. அந்தச் செயல்களை இந்தக் கடல்வழியில் சென்ற எவரும் காணாமல் இருந்திருக்க முடியாது. வெப்பக் கடல்களில் பறவைக் கூட்டம்போல் நீரைவிட்டு எழும்பும் பறக்கும் மீன்கள். இரவில் கப்பல் கிழித்துச் செல்லும் நீரில் மின்னும் ஒளி. பூமத்திய ரேகையருகே காற்றே இல்லாமல் பாய்கள் தொங்கிப்போகும் நாட்கள். தெற்கே செல்லச்செல்லத் தென்படும் பெரிய ஆல்பட்ராஸ் பறவைகள்.

வானமும் மாறுகிறது. கோபன்ஹேகனில் உயரத்தில் நின்ற துருவ நட்சத்திரம், கப்பல் தெற்கே வர வரத் தாழ்ந்துகொண்டே போய், பூமத்திய ரேகையைக் கடந்ததும் மறைந்துவிடுகிறது. அதற்கு எதிரே தென்சிலுவை என்னும் நட்சத்திரக் கூட்டம் உயர்கிறது. ஆப்பிரிக்காவைச் சுற்றி மீண்டும் வடக்கே ஏறி நம் கரைக்கு வரும்போதுதான், அடிவானத்தின் அருகே மிகத் தாழ்வாக, அதே துருவ நட்சத்திரம் மறுபடி தெரிகிறது. பிறந்த ஊரில் அண்ணாந்து பார்த்த நட்சத்திரத்தை இங்கே தென்னைமர உயரத்தில் தேடவேண்டியிருந்தது.

1706 ஏப்ரலில் கப்பல் நன்னம்பிக்கை முனையில் நங்கூரமிட்டது. ஐரோப்பாவில் இளவேனிலாக இருக்கும் அந்த மாதம் அங்கே இலையுதிர்காலம். அங்கு வாழ்ந்த கோய்கோய் மக்களைக் கண்டதைச் சீகன்பால்கு கடிதமாக எழுதினார். அத்தகைய கடிதங்கள் பின்னர் ஐரோப்பாவில் அச்சேறிப் பலருடைய உள்ளத்தைத் தொட்டன.

பிரியமானவர்களே, இவையெல்லாம் கடலில் கண்ட அதிசயங்கள். அவர் சற்றும் எதிர்பாராதது கரையில் காத்திருந்தது.

தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர் கோட்டை அமைத்து வணிகம் செய்துவந்தனர். மன்னரின் கட்டளையோடு வந்தவர்களைத் தம் சொந்த மக்கள் வரவேற்பார்கள் என்று அந்த இளைஞர்கள் நம்பியிருக்கமாட்டார்களா? நடந்ததோ வேறு. மிஷனெரிகள் வருவதைக் கோட்டை அதிகாரிகள் விரும்பவில்லை. கரை இறங்கவே பல நாட்கள் தாமதமாயிற்று. இறங்கிய பின் நகர வாயிலருகே வெயிலில் மணிக்கணக்கில் காக்கவைக்கப்பட்டார்கள். கடைசியில் தங்க இடம் காட்டுவாரின்றிச் சந்தைத் தெருவில் விடப்பட்டார்கள். 1708இல் தளபதி ஹாசியுஸ் சீகன்பால்குவைச் சிறையிலும் அடைத்தார். நான்கு மாதங்கள் அவர் அங்கே இருந்தார். இவற்றைச் செய்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவரோடு ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்னவர்கள்.

அவருக்குக் கதவைத் திறந்தவர்கள் யார்? ஒரு முதிய தமிழ் ஆசிரியர். அவர் தம்மிடம் படித்த பிள்ளைகளோடு வந்து கற்பித்தார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுத, அவர்களோடு தரையில் அமர்ந்து அந்த ஜெர்மானியரும் அ, ஆ என்று எழுதினார். பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவரும் அவருக்கு விளக்கம் தந்தார். சபையைச் சேராதவர்களே சபையின் போதகருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். தமிழர் கல்வியற்றவர் என்று ஐரோப்பாவில் பலர் எண்ணியிருந்தது தவறு என்பதை அவர் தாமே உணர்ந்து எழுதினார். 1708இல் அவர் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இடம்பெற்றன. அதே ஆண்டு தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார்.

அந்த மொழிபெயர்ப்பு அச்சானதும் கடல்வழியேதான். 1711இல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் அச்சர் யோனாஸ் ஃபிங்கும் புறப்பட்டனர். அந்தக் கப்பலைப் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. கப்பல் மீட்கப்பட்டது, இயந்திரம் தப்பியது, ஆனால் ஃபிங்க் வழியிலேயே இறந்தார். 1712இல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதை இயக்க ஆள் இல்லை. அப்போது, சீகன்பால்குவைச் சிறையிலடைத்த அதே கோட்டையின் படைவீரர் ஒருவருக்கு அச்சுத்தொழில் தெரியும் என்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாயின.

அந்த 1714ஆம் ஆண்டிலேயே சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். மாதங்கள் நீண்ட அந்தப் பயணத்தில் வேதாகம மொழிபெயர்ப்பும் தமிழ் இலக்கண வேலையும் தொடர்ந்தன. சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், வயதில் இளையவரான மலையப்பனிடம் கேட்டுத் தெளிய போதகர் வெட்கப்படவில்லை. ஐரோப்பியருக்காக லத்தீனில் எழுதிய அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. அவ்வாண்டே அவர் நம் நாட்டுக்குத் திரும்பினார். 1719இல் இறந்து, தரங்கம்பாடியில் தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போஸ்தலர் 27, 28ஆம் அதிகாரங்களை இந்த வாரம் வாசியுங்கள். பவுலோடு கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். பதினான்கு இரவுகள் புயலில் அலைந்து கப்பல் உடைந்து அவர்கள் கரையேறிய மெலித்தா தீவில், கிறிஸ்துவை அறியாத மக்களே மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். கர்த்தர் தம் ஊழியக்காரரை நடத்த எந்தக் கரத்தையும் பயன்படுத்துகிறார். இது நமக்கு ஆறுதல்; எச்சரிக்கையும்கூட. அந்நியருக்குத் தீ மூட்டியவர்களின் வரிசையில் நாம் இருக்கிறோமா, வாயிலில் காக்கவைத்தவர்களின் வரிசையில் இருக்கிறோமா?

தூரதேசத்தில் இருக்கும் உங்கள் மகனையும் மகளையும் நினைத்து இரவில் ஜெபிக்கிறீர்கள். அங்கே யாராவது அவர்களுக்கு ஒரு சொல் கற்றுக்கொடுக்கவேண்டும், ஒரு நாற்காலி தரவேண்டும் என்று ஏங்குகிறீர்கள். அதே வேளையில் வேறொரு தாயின் பிள்ளை, தமிழ் தெரியாமல், பிழைப்புக்காக நம் பகுதியில் கல் சுமக்கிறான். கடைத்தெருவில் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நம் பிள்ளைகளாக இருக்கவேண்டாம். நமக்கு வேதம் கிடைத்தது, அந்நியர் ஒருவரைப் பார்த்து நம் ஊர் ஆசிரியர் ஒருவர் சிரிக்காமல் அமர்ந்து கற்பித்ததால்தான். இந்த வாரம் அப்படி ஒருவரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஒரு தமிழ்ச் சொல்லையாவது அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஜெபிப்போம்: கடலையும் கரையையும் படைத்த ஆண்டவரே, தொலைவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல மனிதரைக் காட்டும். எங்கள் வாயிலில் நிற்பவர்களுக்கு எங்களை நல்ல மனிதராக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.