காவிரிக்கரையில் இரு ஓவியர்

மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்த 1792ஆம் ஆண்டில், ஆங்கிலேய ஓவியர் இருவர் திருச்சிராப்பள்ளியை அடைந்தனர். ஒருவர் தாமஸ் டேனியல். மற்றவர் அவர்தம் உடன்பிறந்தாரின் மகன் வில்லியம். வாளையும் வணிகத்தையும் நம்பிப் பலர் கப்பலேறி வந்த காலத்தில், தூரிகையை நம்பி வந்தவர்கள் இவர்கள்.

தாமஸ் (1749–1840) வண்டிகளுக்கு வண்ணந்தீட்டும் தொழிலைப் பழகிப் பின்னர் லண்டன் ராயல் அகாதெமியில் பயின்றவர். அங்கே இயற்கைக்காட்சி ஓவியர் பலர் இருந்தமையால் பெயரும் பொருளும் எளிதில் வாய்க்கவில்லை. 1785இல் வில்லியமை உடனழைத்துக்கொண்டு புறப்பட்டார். இளைஞருக்கு அப்போது 16 வயதிருக்கும். கல்கத்தாவில் தங்கி, வடநாடெங்கும் சுற்றி வரைந்தனர். வரைந்தவற்றைக் குலுக்கல் சீட்டு முறையில் விற்றுத் தென்னாட்டுப் பயணத்துக்குப் பணம் திரட்டினர் என்பது சுவையான செய்தி.

அவர்கள் வேலைசெய்த முறை அறியத்தக்கது. காட்சியைக் கண்ணாடிவழி தாளில் விழச்செய்யும் இருட்பெட்டி ஒன்றின் துணையால் பென்சிற்கோடுகளை அமைத்து, அவற்றின்மேல் நீர்வண்ணத்தை மெல்லிய பூச்சாகப் பரப்பினர். இன்றைய அக்ரிலிக் வண்ணமாயின் உலர்ந்த பின்னும் மேலே பூசிப் பிழையை மறைக்கலாம். நீர்வண்ணம் அத்தகைய திருத்தத்துக்கு எளிதில் இடங்கொடாது. 1794இல் தாயகம் திரும்பியபின், செப்புத்தகட்டில் பிசின்தூள் தூவி, அமிலத்தால் அரித்து, நீர்வண்ணச் சாயல் தோன்ற அச்சிடும் 'அக்குவாடின்ட்' முறையில் அவற்றைப் பதித்தனர். படிகளுக்குக் கையாலும் வண்ணமிட்டனர். 'ஓரியண்டல் சீனரி' என்னும் அத்தொகுதி 1795 முதல் 1808 வரை வெளிவந்தது, படங்கள் 144. காவிரியிலிருந்து கண்ட மலைக்கோட்டைக் காட்சி அவற்றுள் ஒன்று. இந்தியாவையே காணாத ஆங்கிலேயர் பலர் நம் மலையைக் கண்டது இதன் வழியேதான்.

அவர்கள் கண்ட ஊர் இன்றில்லை. மலையைச் சூழ்ந்திருந்த கோட்டை மதில் பெரும்பாலும் மறைந்து, மெயின் கார்டு கேட் எஞ்சி நிற்கிறது. திருவரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் அன்று நிறைவுறாத மொட்டைக்கோபுரம். 13 நிலைகளுடன் அது குடமுழுக்குக் கண்டது 1987இல்தான். ஆகவே இத்தகைய பழைய காட்சிப்படங்கள் வரலாற்றுச் சான்றாகவும் நிற்கின்றன. எனினும் ஓவியன் கண்ணுக்கு எது அழகோ அதுவே தாளில் ஏறும் என்பதை மறத்தலாகாது.

சிராப்பள்ளிக் குன்றின் குகைத்தளத்தில் சமண முனிவர்தம் கற்படுக்கைகள் உள்ளன. 'பள்ளி' என்னுஞ் சொல்லே முனிவர் உறைவிடத்தையும் குறிப்பது. தொகுதியில் அப்படுக்கைகளுக்கு இடமில்லை. தொலைவிலிருந்து குன்றின் வடிவை நாடியவர்க்கு, வழவழப்பாகச் செதுக்கிய ஒரு பாறைத்தளம் பொருளாகத் தோன்றாமற் போயிருக்கலாம்.

ஆயினும் அவர்தம் வெளியீட்டில் சமணம் அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் வரைந்த எல்லோராக் குடைவரைகளை டேனியல்கள் செப்புத்தகட்டில் பதித்து 1803இல் வெளியிட்டனர். அவற்றுள் இந்திரசபை முதலிய சமணக் குடைவரைகளும் இடம்பெற்றன. நூலின் தலைப்பு மட்டும் அனைத்தையும் சேர்த்து 'இந்துக் குடைவரைகள்' என்றே கூறியது.